அடுத்தவர் முடிப் பெருமையும் நம் ஏறு நெற்றியும்: சமாளிக்கும் வழி

இன்ஸ்டாவைத் திறந்தால் ஒருத்தர் தலையைச் சிலுப்பிக்கொண்டு ஸ்லோமோஷனில் நடந்து வருகிறார், கீழே "எல்லாம் ஜீன் மச்சி, ஒரு எண்ணெயும் கிடையாது" என்று ஒரு வரி. அடுத்து ஒரு பெண், இடுப்புக்குக் கீழே தொங்கும் சடையை டேப் வைத்து அளந்து காட்டுகிறார். அதற்கடுத்து "எனக்கு நாற்பதுன்னு சொன்னா யாரும் நம்பறதில்ல" என்று தனக்குத் தானே சர்டிஃபிகேட் கொடுத்துக்கொள்ளும் ஒருவர். தலை நிறைய முடி இருப்பவர் இதையெல்லாம் பார்த்தால் ஒரு லைக் போட்டுவிட்டுப் போய்விடுவார். காலையில் சீப்போடு வந்த கொத்தைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு பஸ் ஏறியவரால் அப்படிப் போக முடியாது. கை தானாக நெற்றிக்குப் போகும், அப்புறம் முன் கேமரா திறக்கும், அப்புறம் அன்றைய வேலை பாழ்.

அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெருமை அடிப்பவர்களை நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம்; அவர்கள் தலை, அவர்கள் போன். ஆனால் ஒன்றை மட்டும் புரிந்துகொண்டால் பாதி பாரம் இறங்கும். முடிக்கு என்று ஒரு வேகம் இருக்கிறது. மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர்தான் வளரும், காய்ச்சலில் அடிபட்ட முடி ரெண்டு மூணு மாதம் கழித்துத்தான் கொட்டும், மருந்து போட்டாலும் பலன் தெரிய நாலு முதல் ஆறு மாதம் ஆகும். போனின் வேகம் வேறு, பத்து நொடிக்கு ஒரு தலை. மாதக்கணக்கில் நடக்கிற விஷயத்துக்கு நொடிக்கு நொடி தீர்ப்பு கேட்டுக்கொண்டிருந்தால் யாருக்கும் மண்டை காயத்தான் செய்யும். கீழே சொல்வதெல்லாம் முடி விவகாரத்தை அந்தப் பத்து நொடியிலிருந்து பிடுங்கி, அதன் சொந்த வேகத்தில் விடுவதற்கான வேலைகள்.

முதலில் ஃபீடைச் சுத்தம் பண்ணுங்கள்

லியான் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954லேயே எழுதிவிட்டார்: மனுஷன் தன்னை எடை போட அடுத்தவனைத்தான் பார்க்கிறான், அதுவும் தன்னைப் போன்றவனாகப் பார்த்து. அதனால்தான் நடிகரின் முடியைப் பார்த்தால் ஒன்றும் ஆவதில்லை, கூடப் படித்தவன் ரீயூனியன் போட்டோவில் அதே முடியோடு நின்றால் வலிக்கிறது. இன்ஸ்டாகிராம் நடத்தும் கம்பெனிக்கும் இது தெரியும். டீன் ஏஜ் பெண்களில் மூன்றில் ஒருவருக்கு, உடம்பைப் பற்றி ஏற்கெனவே இருக்கும் தாழ்வு மனப்பான்மையை இந்த ஆப் இன்னும் மோசமாக்குகிறது என்று அவர்களுடைய உள் ஆய்வே சொன்னது, அது 2021இல் பத்திரிகைகளில் வெளிவந்தது.

ஆகவே பொதுவாக "சோஷியல் மீடியாவைக் குறைக்கணும்" என்று சபதம் எடுக்காதீர்கள், அது ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தாங்காது. குறிப்பாக எந்தக் கணக்கு என்று பாருங்கள். எந்தப் பதிவைப் பார்த்ததும் கை நெற்றிக்குப் போகிறதோ, அந்தக் கணக்கு. பெரும்பாலும் நாலைந்துதான் தேறும். அவற்றை மியூட் பண்ணுங்கள். மியூட் பண்ணினால் எதிராளிக்குத் தெரியாது. அன்ஃபாலோ வேண்டாம், முக்கியமாகச் சொந்தக்காரர்களை. சித்தி பெண்ணை அன்ஃபாலோ பண்ணியது அடுத்த வளைகாப்பில் பஞ்சாயத்தாக வந்து நிற்கும்.

அப்புறம், இன்ஸ்டாவுக்குள் போய் முடி கொட்டுவதைப் பற்றித் தேடாதீர்கள். ஒரு தடவை தேடினால் போதும், அல்லது ஒரு எண்ணெய் வீடியோவில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், அதற்குப் பிறகு உங்கள் ஃபீட் முழுக்க எண்ணெய், கிளினிக், பேட்ச், 'பிஃபோர் ஆஃப்டர்' என்று வரிசை கட்டும். ஏற்கெனவே அப்படி ஆகிவிட்டதென்றால், வரும் ஒவ்வொன்றையும் அழுத்திப் பிடித்து 'நாட் இன்ட்ரஸ்டட்' கொடுங்கள். சிபாரிசு செய்யும் பதிவுகளை மொத்தமாக ரீசெட் செய்யும் வசதியும் செட்டிங்ஸில் இருக்கிறது, அதைத் தட்டிவிட்டு நாலு நாள் கிரிக்கெட்டும் சமையலும் மட்டும் பாருங்கள், ஆப் வேறு ஆளாகிவிடும்.

நீங்களே படம் போடுகிறவர் என்றால் 'ஹிட்டன் வேர்ட்ஸ்' என்ற பகுதிக்கும் போய் வாருங்கள். அதில் சொட்டை, வழுக்கை, ஏர்போர்ட், கிரவுண்டு என்று நம் ஊர் நக்கல் வார்த்தைகளைச் சேர்த்துவிட்டால் அவை இருக்கும் கமென்ட்டுகள் மறைந்துவிடும். நம் ஆட்கள் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பவர்கள், அதனால் அந்த எழுத்திலும் சேர்க்க வேண்டும், ஒரு 'டி' போட்டு ஒன்று, ரெண்டு 'டி' போட்டு ஒன்று. 'மொட்டை'யைச் சேர்க்கலாமா என்பது உங்கள் இஷ்டம். திருத்தணியில் குழந்தைக்கு மொட்டை போட்ட படத்துக்கு அத்தை போடும் கமென்ட்டும் சேர்ந்து காணாமல் போகும்.

ரீலைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்

மியூட் பண்ணியும் சில வந்து சேரும். அப்போது முடியைப் பார்க்காதீர்கள், வெளிச்சத்தைப் பாருங்கள். 'முன்' படத்தில் முடி ஈரமாகவோ எண்ணெய் வழியவோ இருக்கும், நடு வகிடு எடுத்திருப்பார்கள், தலை குனிந்திருக்கும், விளக்கு நேர் உச்சியில். ஈர முடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் யார் தலையிலும் மண்டை தெரியும். 'பின்' படத்தில் அதே முடி காய்ந்து, டிரையரால் தூக்கிவிடப்பட்டு, வகிடு இடம் மாறி, முகவாய் உயர்ந்து, ரிங் லைட் முன்னால் இருந்து அடிக்கும். இதற்கு நடுவில் எந்த எண்ணெயும் தேவையில்லை, கால் மணி நேரம் போதும்.

இதோடு ஃபைபர் பவுடரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கெராட்டின் தூள் அது, இருக்கிற முடியில் போய் ஒட்டிக்கொண்டு இடைவெளியை மறைத்துவிடும், கேமராவில் சுத்தமாகத் தெரியாது. தப்பே இல்லை, கல்யாணத்துக்கோ இன்டர்வியூவுக்கோ நீங்களும் தாராளமாகப் போடலாம். ஆனால் மே மாத மத்தியானம் பாரிமுனையில் இறங்கி ரெண்டு தெரு நடந்துவிட்டு அதே தலையோடு யாராவது ரீல் போட்டால் சொல்லுங்கள், பார்க்கலாம்.

உங்கள் தலை உங்களுக்கு மோசமாகத் தெரிவதிலும் இதே தந்திரம்தான், திசை மட்டும் தலைகீழ். ஓஎம்ஆர் ஆபீஸ் லிஃப்ட்டுகளில் கூரையிலிருந்து நேராக அடிக்கும் அந்த வெள்ளை லைட்டும், நாலு பக்கமும் கண்ணாடியும், பின் உச்சி வரைக்கும் காட்டிக்கொடுக்கும். மால் டிரையல் ரூமும் அப்படித்தான். கையை மடக்கி முகத்துக்குப் பக்கத்தில் பிடித்த செல்ஃபியில், லென்ஸுக்கு எது அருகில் இருக்கிறதோ அது பெரிதாகத் தெரியும். போனைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்தால் அது நெற்றி. எதிரில் நின்று பேசுகிறவர் உங்களை அந்தக் கோணத்தில் பார்ப்பதே இல்லை.

பெருமைப் பதிவின் கீழே கூப்பன் கோடு இருந்தால் அது பெருமை இல்லை, வியாபாரம். காசு வாங்கிக்கொண்டு போட்டால் விளம்பரம் என்று தெரியும்படி குறிப்பிட வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழு 2021இல் விதிமுறை போட்டிருக்கிறது. அதைவிடப் பலருக்குத் தெரியாத ஒன்று: நம் நாட்டு மருந்து விதிகளில் 'ஷெட்யூல் ஜே' என்று ஒரு பட்டியல் உண்டு, குணப்படுத்துவதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாத நோய்களின் பட்டியல். அதில் வழுக்கையும் இருக்கிறது. "முழு வழுக்கையும் 90 நாளில் போயிடும் ப்ரோ" என்று ஒருத்தர் சொல்கிறார் என்றால், சட்டம் சொல்லாதே என்றதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். கேரளாவில் திருச்சூர் நுகர்வோர் நீதிமன்றம் ஒரு ஹேர் கிரீம் கம்பெனிக்கும் அதன் விளம்பரத்தில் நடித்த நடிகருக்கும் அபராதம் போட்டது. தொகை சின்னது, ஆனால் நடிகரையும் சேர்த்து இழுத்தார்கள் பாருங்கள், அது எனக்குப் பிடித்திருந்தது.

"எல்லாம் ஜீன்" என்று சொல்பவர் மட்டும் ஒரு வகையில் உண்மையைத்தான் சொல்கிறார். பரம்பரை வழுக்கை அம்மா வழி, அப்பா வழி ரெண்டிலிருந்தும் வரும் பல ஜீன்களின் வேலை, அம்மா வழித் தாத்தாவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் தானாக வந்த அதிர்ஷ்டத்தைச் சாதனை மாதிரி சொல்லிக்கொண்டால் அதற்கு நாம் ஏன் பதில் சொல்ல வேண்டும்? லாட்டரி அடித்தவன் சிக்கனத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிற மாதிரி.

வாய் திறந்து பேச வேண்டிய இடங்கள்

ஃபேமிலி குரூப்பில் படம் போட்டதும் "என்னப்பா நெத்தி ஏறிடுச்சே, சென்னைத் தண்ணி ஒத்துக்கலையா?" என்று சித்தப்பா கேட்பார். அவரிடம் ஹார்மோன் பாடம் எடுக்க வேண்டாம். "ஆமா சித்தப்பா, டாக்டர்ட்ட காட்டிருக்கேன்" என்று ஒரு வரி போட்டுவிட்டு, அவர் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பேச்சு அங்கே போய்விடும், நாலு நாளைக்கு வராது.

நண்பர்கள் கலாய்ப்பதற்கு முன்னால் நாமே நம்மைக் கலாய்த்துக்கொள்வது பலருக்கும் பழகிப்போன தற்காப்பு. நெருங்கின கூட்டத்தில் அது வேலை செய்யும், சரி. ஆனால் ஒவ்வொரு போட்டோவிலும், ஆபீஸ் கால் ஆரம்பத்திலும், புது ஆளிடமும் அதையே செய்தால் அடுத்தவனுக்கு லைசென்ஸ் எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். யாராவது எல்லை மீறினால் "டேய், போதும்டா இந்த டாபிக்" என்று சிரிக்காமல் சொல்லுங்கள். சிரித்துக்கொண்டே சொன்னால் ஏறாது.

வரன் பார்ப்பவர்கள், மேட்ரிமோனி படத்தில் தொப்பி, ஃபில்டர், ஆறு வருஷத்துக்கு முந்தைய காலேஜ் போட்டோ எதுவும் வேண்டாம். இன்றைக்கு எப்படி இருக்கிறீர்களோ அந்தப் படம், நல்ல வெளிச்சத்தில். முடியைக் காரணம் காட்டி மறுப்பவர்கள் போனிலேயே மறுத்துவிடட்டும். பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு மறுப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

ஆண்களுக்கு இந்த ஊரில் ஒரு வசதி உண்டு. திரையில் அத்தனை ஸ்டைலாக முடியைக் கோதும் ரஜினிகாந்த், வெளியே வரும்போது விக் இல்லாமல், சொட்டையும் நரைத்த தாடியுமாக வேட்டி கட்டிக்கொண்டு வருவார். அதனால் அவர் மவுசு ஒரு துளி குறையவில்லை. சத்யராஜ், சோ என்று பட்டியல் நீளும். ட்ரிம்மர் எடுத்து ஒட்ட வெட்டிக்கொண்டு, உச்சந்தலைக்கு சன்ஸ்கிரீன் தடவிக்கொண்டு கிளம்பிவிட்டால் பலருக்கு விஷயம் அதோடு முடிந்தது.

பெண்களுக்கு அந்த வசதி கிடையாது, அதை மழுப்பிப் பேசக் கூடாது. வகிடு அகலமாகிக்கொண்டே போகும் பெண்ணுக்குக் காட்ட ஒரு ரஜினி இல்லை. பூ வைக்கச் சடை வேண்டும் என்கிற ஊர் இது, நீள முடியை அழகின் அளவுகோலாக வைத்திருக்கிற ஊர். அதனால் அந்தச் சடையை அளக்கும் ரீல் பெண்களைத்தான் அதிகம் குத்துகிறது, அவர்கள் வெளியே சொல்வதும் குறைவு. ஆனால் கல்யாண மேடையில் பார்க்கும் பூ ஜடையில் பாதி சவுரி என்று கூடியிருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும், யாரும் அதை ஏமாற்று என்று சொல்வதில்லை. முகூர்த்தத்துக்கு ஒத்துக்கொள்கிற ஊர், திங்கட்கிழமை ஆபீஸுக்கு உச்சியை மட்டும் மூடும் சின்ன விக்கான டாப்பர் ஒன்றை வைத்துக்கொண்டு போனால் மட்டும் ஏன் முணுமுணுக்க வேண்டும்? வைத்துக்கொள்ளத் தோன்றினால் வைத்துக்கொள்ளுங்கள், யாருக்கும் விளக்கம் தர வேண்டியதில்லை.

முடி உள்ளவர்களுக்கும் சின்னதாக ஒன்று. உங்கள் முடியைப் போடுங்கள், அதில் யாரையும் டேக் பண்ணி "உனக்குத்தான்டா" என்று எழுதாதீர்கள். மாடியிலிருந்து கீழ்நோக்கி எடுத்த குரூப் போட்டோவைப் போடுவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்காதவர்களுக்குச் சின்ன வெங்காயச் சாறு, கரிசலாங்கண்ணி என்று வைத்தியம் சொல்லாதீர்கள். அவர்கள் அதையெல்லாம் உங்களுக்கு முன்பே தேய்த்துப் பார்த்திருப்பார்கள்.

மனசு ரொம்பவே இறங்கிப்போனால்

விசேஷங்களைத் தவிர்க்கிறீர்கள், வீடியோ காலில் கேமராவை அணைத்தே வைக்கிறீர்கள், தொப்பி இல்லாமல் பால் வாங்கக்கூடப் போவதில்லை, ராத்திரி தூக்கம் போகிறது என்றால் அது தலைக்கு மேலே இருக்கும் பிரச்சினை மட்டும் இல்லை. 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள், அரசின் டெலி மானஸ் சேவை, இலவசம், தமிழிலேயே பேசலாம். "முடிக்காகவா இதுக்கெல்லாம் போன் பண்றது?" என்று தயங்காதீர்கள்.

தலையை டாக்டரிடம் கொடுங்கள்

இதுதான் ஃபீடின் பிடியை உண்மையாகத் தளர்த்தும். என்ன வகை என்று தெரியாத வரைக்கும் ஒவ்வொரு ரீலும் உங்களைப் பற்றியதாகவே படும்.

ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி கொட்டுவது எல்லோருக்கும் சகஜம். டெங்கு, டைபாய்டு, பிரசவம், பெரிய ஆபரேஷன், பட்டினி டயட், இவற்றுக்கு ரெண்டு மூணு மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டினால் அது பெரும்பாலும் தானே திரும்பி வரும் வகை. அந்த நேரத்தில் தேய்த்த எண்ணெய்க்குத்தான் பேர் போய்ச் சேருகிறது, ரீல்ஸில் வரும் பாதி அதிசயங்கள் இப்படிப் பிறந்தவை என்பது என் கணிப்பு. நெற்றி ஓரங்கள் ஏறுவதும் உச்சி மெலிவதும் பரம்பரை வகை. டிஹெச்டி என்ற ஹார்மோனுக்கு வேர்க்கால்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகின்றன. காசு அளவுக்கு வட்டமாக, வழவழவென்று போனால் அது புழுவெட்டு, பேரில்தான் புழு, உண்மையில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே வேர்க்காலைத் தாக்குவது. 2022 ஆஸ்கர் மேடையில் வில் ஸ்மித் கை நீட்டியது, அந்த நோய் உள்ள தன் மனைவியின் தலையைப் பற்றிய ஜோக்குக்காகத்தான். அடித்தது சரியில்லை, ஆனால் அந்த ஜோக் எங்கே போய்க் குத்தியது என்று நமக்குப் புரியும்.

போர் தண்ணீரையும் ஹெல்மெட்டையும் விட்டுவிடுங்கள். உப்புத் தண்ணீரில் முடி சொரசொரப்பாகி உடையலாம், ஆனால் பரம்பரை வழுக்கையை அது கொண்டுவராது. ஹெல்மெட்டும் கொண்டுவராது, வியர்வை நாற்றம் வராமல் உள் துணியைத் துவைத்தால் போதும். மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்பதும் இல்லை, நுனி மழுங்கி வருவதால் அப்படித் தோன்றும், அவ்வளவுதான். வேண்டுதலுக்குப் போடுவது வேறு.

மருந்தில் மினாக்சிடில் முதலில் ரத்த அழுத்தத்துக்கு வந்தது, சாப்பிட்டவர்களுக்கு முடி வளர்ந்ததைப் பார்த்துத்தான் தலைக்கு வந்தது. ஆரம்பித்த முதல் சில வாரங்களில் முடி கூடுதலாகவே கொட்டலாம், பயந்து நிறுத்திவிட்டு "இது விஷம்" என்று ரீல் போடுகிறவர்கள் இந்தக் கட்டத்தில் இறங்கியவர்கள். நிறுத்தினால் வந்த முடி சில மாதங்களில் போய்விடும், அதையும் தெரிந்துகொண்டே ஆரம்பியுங்கள். டிஹெச்டியைக் குறைக்கும் ஃபினாஸ்டரைடு மாத்திரையை டாக்டர் எழுதாமல் தொடவே கூடாது. சிலருக்குத் தாம்பத்திய ஆர்வம் குறையலாம், மனநிலை மாறலாம், அப்படி ஏதாவது தோன்றினால் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைக் கையால்கூட எடுக்கக் கூடாது.

முடி மாற்று சிகிச்சை யோசிப்பவர்கள் ஈஎம்ஐ விளம்பரத்துக்கு முன்னால், செய்யப்போவது யார் என்று கேளுங்கள். 2016இல் சென்னையில் இந்தச் சிகிச்சைக்குப் போன மருத்துவ மாணவர் ஒருவர் இறந்தே போனார், அந்த இடத்துக்கு அதற்கான உரிமமே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. யூடியூப் பார்த்தோ ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்தோ கற்றது இதற்குப் போதாது என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022இல் சொல்ல வேண்டி வந்தது. டாக்டர் பெயர், படிப்பு, பதிவு எண், மயக்க மருந்து யார் பொறுப்பு, இந்த நாலுக்கும் நேரடிப் பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

தனியார் கிளினிக்குக்குக் கையில் காசு இல்லையென்றால் சென்ட்ரல் எதிரில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் எல்லாவற்றிலும் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய்விட வேண்டும், கூட்டம் இருக்கும். ஹீமோகுளோபின், உடம்பின் இரும்புச் சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு என்று டெஸ்ட் எழுதுவார்கள், பெண்களுக்குப் பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இருக்கிறதா என்றும் பார்க்கலாம். ரீல் பார்த்து பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால் ரத்தம் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், அது தைராய்டு ரிசல்ட்டைத் தப்பாகக் காட்டக்கூடியது.

போகும்போது தலைக்கு எண்ணெய் வேண்டாம், ஃபைபர் பவுடரும் வேண்டாம். இதுவரை சாப்பிட்ட மாத்திரை அட்டைகளையும் தேய்த்த பாட்டில்களின் படத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை ஆரம்பித்த நாளில் காய்ந்த தலையோடு, வீட்டில் ஒரே ஜன்னல் பக்கம் நின்று உச்சி, நெற்றி, வகிடு மூன்றையும் வேறு யாரையாவது படம் எடுக்கச் சொல்லுங்கள். அடுத்த படம் ஒரு மாதம் கழித்துத்தான், அதே ஜன்னல், அதே நேரம். கேலரியில் கண்ணில் படாமல் தனி ஃபோல்டரில் போட்டுவிட்டு, ஆறாவது மாதம் டாக்டர் முன்னால் உட்கார்ந்து ரெண்டு பேருமாகத் திறந்து பாருங்கள்.